துண்டு, வளையம், பொத்தான்

1920களின் ஊவாவில் மனிதர்கள் கையில் கொண்டு திரிந்த இரண்டு பொருள்களைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். இன்று நம் சட்டைப் பையில் கிடக்கும் வாகன ரிமோட்டைப் புரிந்துகொள்ள அவை உதவும்.

முதலாவது, துண்டு. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகத் தொழிலாளர்களுக்குத் தேவைப்பட்ட தாள் அது. இன்ன தொகைக் கடனைச் செலுத்தினால் இவர்களை விடுவிப்போம் என்று அதில் எழுதப்பட்டிருக்கும். புதிய தோட்டம் கடனைக் கட்டி ஆளை எடுக்கும். கடன் ஆளோடு சேர்ந்து பயணப்படும். எழுதியிருந்ததைப் படிக்கத் தெரிந்தவர் லயங்களில் அரிது. 1921 இல் சட்டம் இம்முறையை ஒழித்தது.

இரண்டாவது, புகையிரத வளையம். 1894 இல் பண்டாரவளையை எட்டிய இருப்புப்பாதை, முப்பது ஆண்டுகள் கழித்து 1924 இல்தான் பதுளையை அடைந்தது. ஒற்றைப் பாதை, இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்துவிட்டால் பள்ளத்தாக்குதான் கதி. அதைத் தடுத்தது டேப்லெட் முறை. அடுத்தடுத்த இரு நிலையங்களின் கருவிகள் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். அடுத்த நிலைய அதிபர் சம்மதித்தால் மட்டுமே இங்கே ஓர் உலோக வில்லை வெளிவரும். அது மீண்டும் கருவிக்குள் போகும்வரை இரு முனைகளிலும் இன்னொன்றை எடுக்க முடியாது. தோல் பையில் இட்டு, வளையத்தோடு கொடுக்கப்படும் அந்த வில்லையே சாரதிக்கு அனுமதி. அதன் பொருள் அவருக்கு ஐயமின்றித் தெரியும். உயிர் அதில் தங்கியிருந்தது.

இனி மூன்றாவது பொருளுக்கு வருவோம். தோட்டத்துத் துரையின் கார் ஒரு காலத்தில் முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்றினால்தான் உயிர்பெறும். 1912 இல் கடிலாக் மின்சார ஸ்டார்டரைக் கொண்டுவந்தது. 1949 இல் கிரைஸ்லர் சாவியைத் திருப்பியே இயந்திரத்தை இயக்க வைத்தது. 1980களின் தொடக்கத்தில் பிரான்சின் ரெனோ, தொலைவிலிருந்து கதவைத் திறக்கும் பொத்தானைக் கொண்டுவந்தது.

ஆரம்பகால ரிமோட்டுகள் பல, எப்போதும் ஒரே எண்ணையே அனுப்பின. திருடன் அதை ஒருமுறை பதிவுசெய்தால் போதும். பின்னர் வந்த மாறும் குறியீட்டு முறையில், ஒவ்வொரு அழுத்தலுக்கும் புதிய எண் பிறக்கிறது. பயன்பட்ட எண்ணை வாகனம் மீண்டும் ஏற்காது. கருவிக்குள் திரும்பிவிட்ட வில்லையைக் காட்டி எந்தச் சாரதியும் வண்டியை நகர்த்த முடியாதல்லவா, அதைப் போன்றது இது.

பொத்தான்களின் பொருள் எளிது. மூடிய பூட்டுப் படம் பூட்டும். திறந்த படம் திறக்கும். பல வாகனங்களில் ஒருமுறை அழுத்தினால் சாரதியின் கதவு மட்டும், இருமுறை அழுத்தினால் எல்லாக் கதவுகளும். பின்கதவுப் படத்தைச் சற்று நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒலிபெருக்கிப் படமோ சிவப்புப் பொத்தானோ இருந்தால் அது அபாய ஒலி.

படம் இல்லாத இரண்டு செய்திகள்தாம் முக்கியமானவை. ஒன்று, பெரும்பாலான ரிமோட்டுகளுக்குள் ஓர் உலோகச் சாவி ஒளிந்திருக்கிறது. பற்றரி தீர்ந்தால் கதவை அது திறக்கும். மற்றது, இயந்திரத்துக்கு அனுமதி தரும் சில்லுக்குப் பற்றரி தேவையில்லை. பொத்தானால் இயங்கும் வாகனங்கள் பலவற்றில், ரிமோட்டை ஸ்டார்ட் பொத்தானை ஒட்டிப் பிடித்தால் இயந்திரம் இயங்கும். பசறை வளைவுகளில் இரவில் நின்றுபோனவருக்கு இந்த இரண்டு வரிகளின் பெறுமதி தெரியும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கியது. ஜப்பானில் ஓடிய வாகனங்கள் நம் வீதிகளுக்கு வருகின்றன. கூடவே ஜப்பானிய மொழிக் கையேடும். லயத்தில் பிறந்து, வெளிநாட்டு உழைப்பையோ லீசிங் கடனையோ நம்பி வேன் வாங்கும் இளைஞனுக்கு ரிமோட்டை விளக்கிச் சொல்வார் அநேகமாக இல்லை. பழைய வாகனம் வாங்குபவர் இரண்டாவது ரிமோட்டைக் கேட்டுப் பெற வேண்டும். அது இல்லையெனில், காணாமற்போனதை வாகனத்தின் நினைவிலிருந்து நீக்கச் செய்ய வேண்டும். வேறொருவர் கையில் இன்னொரு சாவி இருக்கும் வண்டி முழுமையாக நம்முடையதன்று.

வளையம் சாரதியைக் காத்தது, அதன் பொருளை அவர் அறிந்திருந்ததால். துண்டு நம் மூதாதையரைக் கட்டிவைத்தது. அதை அவர்களால் படிக்கவும் முடியவில்லை. கடன்பட்டு வாங்கும் பொருளைப் படிக்காமல் வைத்திருக்கும் வழக்கம் அந்தத் துண்டோடு முடிந்திருக்க வேண்டும்.