குலத்துக்கு உரிய முடி: பார்த்தியரின் பட்டத்துரிமையும் பங்காளிப் பகையும்

பார்த்திய அரசர்களைப் பற்றி நமக்குக் கிடைக்கும் தொடர்ச்சியான வரலாறு பெரும்பாலும் அவர்களுடைய எதிரிகளான ரோமானியரும் அந்த ரோமானியரின் ஆட்சிக்குட்பட்ட கிரேக்கரும் எழுதியது. அதைப் படித்து முடிக்கும்போது தந்தையைக் கொன்ற மகனும் தம்பியைக் கொன்ற அண்ணனும்தான் மனதில் நிற்கிறார்கள். ஆயினும் அவ்வரசர்களின் அர்சாகிய குலம் கி.மு. 247-இல் தொடங்கும் தன் ஆண்டுக் கணக்கிலிருந்து கி.பி. 224 வரை, ஏறத்தாழ 470 ஆண்டுகள் நிலைத்தது. எத்தனையோ அரசர்கள் வீழ்ந்தும் குலம் வீழவில்லை. பட்டத்துக்கு முறையே இல்லாத நாட்டில் இது நடந்திருக்க முடியாது. முறை இருந்தது என்பதே என் வாதம்: முடி குலம் முழுமைக்கும் பொதுச்சொத்து; அக்குலத்தில் எவர் அதைச் சூடுவது என்பது மூத்த அரசனின் விருப்பமும் பிரபுக்களின் இசைவும் சேர்ந்து தீர்மானிக்கும் காரியம். பிற்காலக் கொலைகள் இந்த முறையின் பலத்துக்கே சான்று. தேர்ந்தெடுக்க ஆளே இல்லாமல் செய்வதுதான் தேர்வை ஒழிக்கும் வழி என்று அரசர்கள் கண்டுகொண்டார்கள்.

தொடக்க காலச் சான்றுகளைப் பார்ப்போம். கி.மு. 171 வாக்கில் முதலாம் ஃபிராத்தேஸ் இறந்தபோது அவனுக்கு மகன்கள் பலர் இருந்தனர். அவர்களைத் தாண்டித் தன் தம்பி மித்ரிதாத்தேஸுக்கு அவன் பட்டத்தை விட்டுச்சென்றான் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் ஜஸ்டின் எழுதுகிறார். அந்தத் தம்பிதான் மீடியாவையும் பாபிலோனியாவையும் வென்று சிற்றரசைப் பேரரசாக்கினான். அடுத்த தலைமுறையில் இரண்டாம் ஃபிராத்தேஸ் சகர்களுடன் நடந்த போரில் மடிய, பட்டம் அவனுடைய சிற்றப்பன் அர்தபானஸுக்குப் போனது. பார்த்தியருக்கு இரு அவைகள் இருந்தன, ஒன்று அரச உறவினருடையது, மற்றது அறிஞரும் மாகி குருமாரும் அடங்கியது, அவற்றின் வழியே அரசர் அமர்த்தப்பட்டனர் என்கிறார் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ. இன்றைய துர்க்மெனிஸ்தானில் அஷ்காபாத் அருகேயுள்ள நிசாவில் மது இருப்புக் கணக்கு எழுதிய பானை ஓடுகள் இரண்டாயிரத்துக்கும் மேல் கிடைத்தன. அர்சாகிய ஆண்டு 157, அதாவது கி.மு. 91-90, குறித்த ஓட்டில் அரசனின் தந்தை பெயர் இல்லை. அவன் முந்தைய அரசன் பிரியாபாதியஸின் பேரன் என்றும், குல முதல்வன் அர்சாகேஸுக்கு உடன்பிறந்தார் வழியில் உறவு என்றும் இருக்கிறது. பண்டகசாலைக் கணக்கனுக்குக்கூட எழுதத் தோன்றியது குலத் தொடர்புதான்.

இங்கே ஒரு மறுப்பு எழும். மூத்த மகனே பட்டத்துக்கு வருவது அந்த இனத்தின் வழக்கம் என்பது போல அதே ஜஸ்டின் முந்தைய வரிகளில் எழுதவில்லையா? எழுதுகிறார், முதலாம் ஃபிராத்தேஸ் வந்ததே அப்படித்தான். ஆனால் அவன் தன் மகன்களைத் தாண்டித் தம்பிக்குக் கொடுத்தபோது எதிர்ப்பு எழுந்ததாக எந்தக் குறிப்பும் இல்லை. மூத்தவனுக்கு முதல் இடம் இருந்தது, மறுக்க முடியாத உரிமை இருக்கவில்லை என்று கொண்டால் இரு செய்திகளும் பொருந்தும். இன்னொரு மறுப்பு, கிரேக்க, ரோமானிய ஆசிரியர்களின் சார்பு பற்றியது. அதற்கு விடை பாபிலோனில் கிடைக்கிறது. அங்கே களிமண் பலகைகளில் வானியல் நாட்குறிப்பு எழுதியவர்கள் அரசனை ‘அர்சாகேஸ்’ என்ற குலப்பெயரால் மட்டுமே குறித்து வந்தனர். அரசர் மாறினாலும் பெயர் மாறவில்லை. கி.மு. 91-க்குப் பிறகு, பட்டத்துக்குப் போட்டி மூண்ட காலத்தில், ‘கோதார்சேஸ் எனப்படும் அர்சாகேஸ்’ என்ற பாணியில் எழுதத் தொடங்கினர். போட்டி வரும்போது மட்டுமே தனிப்பெயர் தேவைப்பட்டது. நாணயங்களிலும் இதே நடைமுறைதான்.

கி.மு. முதல் நூற்றாண்டில் ஆட்டம் மாறியது. கி.மு. 57 வாக்கில் மூன்றாம் ஃபிராத்தேஸை அவன் மகன்கள் மித்ரிதாத்தேஸும் ஓரோதேஸும் கொன்றார்கள். பிறகு ஓரோதேஸ் மித்ரிதாத்தேஸைக் கொன்றான். அரசனுக்கு முடி சூட்டும் பரம்பரை உரிமை சுரேனா குடும்பத்துக்கு இருந்ததாகக் கிரேக்க ஆசிரியர் புளூட்டார்க் சொல்கிறார். கி.மு. 53-இல் கர்ரே போரில் கிராசஸின் ரோமானியப் படையை அழித்த அந்தக் குடும்பத்துத் தளபதியையும் ஓரோதேஸ் விட்டுவைக்கவில்லை. முடி சூட்டும் கைக்கு வெற்றிப் புகழும் சேர்ந்தது அவனுக்கு ஆபத்தாகப் பட்டிருக்க வேண்டும். ஓரோதேஸின் மகன் நான்காம் ஃபிராத்தேஸ் தந்தையையும் சகோதரர்களையும் கொன்று பட்டத்தை உறுதி செய்துகொண்டான். பின்னர், கி.மு. 10 வாக்கில், தன் மகன்கள் நால்வரைக் குடும்பத்தோடு ரோமுக்கு அனுப்பினான். இத்தாலிய அடிமைப் பெண்ணாக வந்து அரசியான மூசா, தன் மகனுக்குப் பட்டம் கிடைக்கவே இதைச் செய்வித்தாள் என்கிறார் யூத வரலாற்றாசிரியர் ஜோசஃபஸ். அந்தப்புரத்துப் பெண்ணின் சூழ்ச்சி என்ற கதை எந்நாட்டு அரண்மனைக்கும் எளிதில் ஒட்டிக்கொள்ளும். ஸ்ட்ராபோ தரும் காரணம் கனமானது: அர்சாகேஸ் குலத்தான் ஒருவனைத் துணைக்கு வைத்துக்கொள்ளாமல் தன்னை எவரும் வீழ்த்த முடியாது, ஏனெனில் மக்களுக்கு அக்குலத்தின் மீது அத்தனை பற்று என்று ஃபிராத்தேஸுக்குத் தெரியும், அந்த நம்பிக்கையைப் பறிக்கவே பிள்ளைகளை அப்புறப்படுத்தினான். சகோதரர்களைக் கொன்றதும் மகன்களை அனுப்பியதும் ஒரே கொள்கையின் இரு செயல்கள்.

அந்தக் கொள்கையின் வினை அடுத்த தலைமுறையில் பலித்தது. தேர்ந்தெடுக்கத் தக்க அர்சாகியர் இப்போது ரோமில் இருந்தார்கள். பிரபுக்கள் தூது அனுப்பி ரோமானியப் பேரரசன் அகஸ்டஸிடமிருந்து அவர்களில் ஒருவனான வோனோனேஸைக் கேட்டு வாங்கினர். வந்தவனோ வேட்டைக்குப் போகாமல், குதிரை மேல் ஆசையில்லாமல், பல்லக்கில் திரிந்து, கிரேக்கப் பரிவாரத்தோடு இருந்ததால் வெறுக்கப்பட்டான்; அவனுக்குப் போட்டியாக அர்தபானஸ் என்பவன் எழுந்தான். அவனுடைய வெள்ளி நாணயம் ஒன்றில் வெற்றித் தேவதையின் உருவத்தைச் சுற்றி, அர்தபானஸை வென்ற அரசன் வோனோனேஸ் என்று தனிப்பெயரோடு பொறித்திருக்கிறது. பங்காளிச் சண்டையைக் காசிலேயே பறைசாற்றிய அரசன் அவன். வெற்றி நிலைக்கவில்லை, பட்டம் அர்தபானஸுக்கே போனது. அவனும் பெரும்பாலான அர்சாகியரைக் கொன்றுவிட்டான், மிஞ்சியோர் சிறுவர்கள் என்று சொல்லி, கி.பி. 35-இல் மீண்டும் ரோமிடம் ஆள் கேட்டுப் போனார்கள் அவன் எதிரிகள். அங்கிருந்து வந்த அர்சாகியன் திரிதாத்தேஸ் தலைநகர் டெசிஃபோனில் முடிசூடத் தயாரானபோது, பெரிய மாகாணங்களை ஆண்ட ஃபிராத்தேஸ், ஹியரோ என்ற இருவர் சற்றுப் பொறுக்குமாறு கடிதம் எழுதினர். காத்திருந்தும் அவர்கள் வரவில்லை. நாட்டு வழக்கப்படி சுரேனா முடி சூட்டினான். சடங்குக்கு வராதவர்களே பின்னர் அஞ்சி, ஹிர்கானியாவில் அழுக்கேறிய கோலத்தில் வில்லால் வேட்டையாடிப் பிழைத்துக்கொண்டிருந்த அர்தபானஸைத் தேடிப்போய் அழைத்து வந்தார்கள். முறைப்படி நடந்த முடிசூட்டுக்கும் முக்கியப் பிரபுக்களின் இசைவு இல்லையென்றால் மதிப்பில்லை.

அர்தபானஸ் தாய்வழியில் மட்டுமே அர்சாகியன் என்று எதிரிகள் இழித்துரைத்ததை ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் பதிவு செய்கிறார். குல ரத்தம்தான் விதி என்றால் இவன் எப்படி அரசனானான் என்று கேட்கலாம். அவர்கள் இழிவுபடுத்தத் தேர்ந்த சொல்லே விடை: தாய்வழி உரிமை குறைந்தது என்று வாதிட முடிந்தது, குலத் தொடர்பே தேவையில்லை என்று வாதிட எவரும் துணியவில்லை. அதே அர்தபானஸ் மறுபடியும் துரத்தப்பட்டபோது, இடையில் அரசனாக்கப்பட்ட கின்னமஸ் தன் தலையிலிருந்த முடியைக் கழற்றி அவனுக்கே சூட்டினான் என்பதும் ஜோசஃபஸ் தரும் செய்தி.

கொலைக்கும் நாடுகடத்தலுக்கும் மாற்றாக மூன்றாவது வழி ஒன்றை முயன்றவன், கி.பி. 51-இல் பட்டமேறிய வோலகாசேஸ். அவன் தாய் கிரேக்கக் காமக்கிழத்தி; அப்படியிருந்தும் சகோதரர்கள் விட்டுக்கொடுத்ததால் அரசனானான். பதிலுக்கு அச்சகோதரர்களில் பாகோரஸுக்கு மீடியாவையும் திரிதாத்தேஸுக்கு (முன்பு சொன்னவன் அல்லன்) ஆர்மீனியாவையும் கொடுத்தான். சகோதரப் பகையை இப்படித் தீர்த்து வைத்தேன் என்ற பொருளில் டாசிட்டஸ் அவன் வாயில் ஒரு பேச்சை வைக்கிறார். பேச்சு டாசிட்டஸின் கற்பனையாக இருக்கலாம், பங்கீடு கற்பனையன்று. ஆர்மீனியாவுக்காக ரோமோடு நடந்த போரும், கி.பி. 63-இல் ரந்தேயாவில் ஏற்பட்ட உடன்பாடும், கி.பி. 66-இல் ரோமில் நீரோவின் கையால் திரிதாத்தேஸ் முடிசூடியதும், இந்தக் குடும்பப் பங்கீட்டை வோலகாசேஸ் எவ்வளவு விலை கொடுத்துக் காத்தான் என்பதைக் காட்டுகின்றன. ஆனால் பங்கு தம்பிகளுக்குத்தான் கிடைத்தது. மகன் வர்தானேஸ் கி.பி. 55 வாக்கில் கலகம் செய்தான். அடுத்த நூற்றாண்டிலும் போட்டி அரசர்கள் தொடர்ந்தனர், கி.பி. 116-இல் ரோமானியப் பேரரசன் டிராஜன் பார்த்தமாஸ்பாத்தேஸை அமர்த்தியபோதும் தேடிப் பிடித்தது அர்சாகியன் ஒருவனைத்தான். இறுதியில் ஆறாம் வோலகாசேஸும் அவன் உடன்பிறந்த நான்காம் அர்தபானஸும் மோதிக்கொண்டிருந்த காலத்தில் பாரசீகத்திலிருந்து அர்தஷீர் எழுந்தான். கி.பி. 224-இல் அவன் அர்தபானஸைக் கொன்றபோதுதான், குலத்துக்கு வெளியே ஒருவன் அந்த முடியை நிலையாகக் கைப்பற்றினான். திரிதாத்தேஸுக்குக் கிடைத்த ஆர்மீனியாவிலோ அர்சாகியக் கிளை ஒன்று கி.பி. 428 வரை ஆண்டது.