தாயை அடிப்பவன் நல்ல தகப்பனா?

"மனைவியைத்தானே அடித்தான், பிள்ளையை அடிக்கவில்லையே" என்று பரிந்து பேசுவோர் தோட்டத்திலும் உண்டு, பட்டணத்திலும் உண்டு. பிள்ளை யாரிடம் வளர்வது என்று தீர்மானிக்கும் நியாயஸ்தலங்களிலும் நெடுங்காலம் இவ்வெண்ணமே குடிகொண்டிருந்தது என்பதைச் சரித்திரம் காட்டுகிறது.

இங்கிலாந்தில் பிள்ளைகள் தகப்பனின் உடைமைபோலவே கருதப்பட்டனர். 1836-இல் கரோலின் நார்ட்டன் என்னும் எழுத்தாளரின் மூன்று ஆண் மக்களையும், அவரை அடித்துத் துன்புறுத்திவந்த கணவன் பிரித்து வைத்துக்கொண்டான். சட்டமும் அவன் பக்கமே நின்றது. அவ்வம்மையார் விடாது எழுதிக் கிளர்ச்சி செய்ததன் பயனாக, 7 வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தாயும் கேட்கலாம் என்னும் சட்டம் 1839-இல் பிறந்தது. குழந்தையின் நலமே தலையாயது என்று அந்நாட்டுச் சட்டம் விதிக்க 1925 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. சிங்கப்பூரில் 1934-இல் குழந்தைகளின் பாதுகாவலர் பற்றிய சட்டமும், 1961-இல் மாதர் சாசனமும் ஏற்பட்டன.

நிற்க. சாசனம் பிறந்த அக்காலத்தில்தான் குவீன்ஸ்டவுனில் அடுக்கு வீடுகள் எழும்பின. ஓரறை வீட்டில் தாயின்மேல் விழும் அடி பிள்ளையின் காதில் விழாதிருக்குமோ? எனினும், குடும்ப வன்முறை இன்னதென்று சாசனம் வரையறுத்தது 1996-இல் செய்த திருத்தத்தினால்தான். அதற்கு முந்திய ஆண்டில் டாக்டர் கன்வால்ஜித் சோயின் பார்லிமெண்டில் கொணர்ந்த மசோதா நிறைவேறவில்லை. ஆயினும் அவர் மூட்டிய விவாதம் வீண்போகவில்லை. அடிபட்டவர் எம்மதத்தவராயினும் பாதுகாப்பு ஆணை கேட்கலாம் என்றாயிற்று.

2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், மணமுறிவுக்குப் பின்னும் பெற்றோர் இருவரும் கூட்டாகப் பொறுப்பேற்பதே பிள்ளைக்கு நலம் என்றும், ஒருவரிடமே பொறுப்பை ஒப்படைப்பது அபூர்வமாகவே நிகழ வேண்டும் என்றும் வழிகாட்டிற்று. பிள்ளையைக் கொடுமைப்படுத்துவதை விலக்குக்கு உதாரணமாகவும் காட்டிற்று. கொள்கை நல்லதே. ஆனால் பள்ளிக்கூடம், வைத்தியம் முதலியவற்றை அடித்தவனோடு கலந்து பேசியே தீரவேண்டும் என்றால், அடிபட்டவளின் அச்சம் என்று ஓயும்? அடி உதை மட்டுமன்றி, மனத்தை வதைப்பதும் அடக்கி ஆள்வதும் வன்முறையே என்பதைத் தெளிவாக்கிய 2023-ஆம் ஆண்டுத் திருத்தம் 2025 ஜனவரியில் அமலுக்கு வந்தது.

பொய்ப்புகார் வருமே என்பர் சிலர். மெய்யும் பொய்யும் விசாரிக்கத்தானே நியாயஸ்தலம் இருக்கிறது? தாயின் அச்சத்தைப் பிள்ளையின் நலத்தோடு சேர்த்து எண்ணாத வக்கீலும், அதிகாரியும், நீதிபதியும் இன்னும் 1836-இலேயே நிற்பவராவர் என்பது நமது துணிபு.