செட்டு

வாடிப்பட்டிப் பக்கம் திருவிழாப் பேச்சு எடுத்தாலே, “மேளம் எத்தனை செட்டு?” என்பார்கள். நாயனம், தவில், பம்பை, உறுமி எல்லாம் சேர்ந்தது ஒரு செட்டு. பின்தொடர்தலைக் குறித்த ‘செக்டா’ என்ற லத்தீன் சொல், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், குழு என்ற பொருளில் நம்மிடம் வந்தது. பம்புசெட்டு, பல்செட்டு, “அவனோட செட்டு சேராதே” எல்லாம் இந்த வழிதான்.

தயிர் செட்டாவது வேறு வேர்: உட்காரவைத்தல் என்னும் பழைய ஆங்கில வினை. இரண்டும் ஒரே ஒலியில் கலந்துவிட்டன. 1989-இல் வந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் ‘செட்’ என்ற வினைக்கே மிக நீண்ட பதிவு.

“இந்தச் சம்பந்தம் நமக்குச் செட்டாகாது” என்பது நாமே விரித்துக்கொண்ட அழகான பொருள். ஆனால் ‘கட்டும் செட்டுமாகக் குடும்பம் நடத்துகிறாள்’ என்பதில் வரும் செட்டு, சிக்கனம். அது ஆங்கிலத்திலிருந்து வந்ததல்ல.