படிகளை எழுதியது யார்? நடத்தைச் சிகிச்சையின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1994இல் எனக்கு ரயில் ஏற முடியாமல் போயிற்று. தாம்பரத்தில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்கி, பாரிமுனையில் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டிருந்தவன். ஒரு நாள் காலை பல்லாவரம் தாண்டி மீட்டர்கேஜ் வண்டி நின்றுபோக, கூட்டத்துக்குள் மூச்சு அடைத்து, செத்துவிடுவேன் என்று தோன்றியது. சாகவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து பிளாட்பாரத்தில் கால் வைத்தாலே நெஞ்சு அடித்துக்கொண்டது. அம்மா ‘பயந்த கோளாறு’ என்றாள். சாயங்காலம் பள்ளிவாசல் வாசலில் நின்று, தொழுகை முடிந்து வருகிறவர்களிடம் ஓதி ஊதச் சொன்னோம். கயிறும் கட்டியாயிற்று. பிறகுதான் ஓர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஓர் அம்மையாரிடம் போய்ச் சேர்ந்தேன்.

அவர் மாத்திரை எதுவும் தரவில்லை. ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். ‘எதெது பயமோ எழுதுப்பா. ஒவ்வொண்ணுக்கும் நூத்துக்கு எவ்வளவுன்னு மார்க் போடு.’ டிக்கெட் கவுண்டர் 20. காலி பிளாட்பாரம் 30. நிற்கிற வண்டியில் ஏறி இறங்குவது 45. ஒரே ஒரு ஸ்டேஷன், சானடோரியம் வரை, 60. குரோம்பேட்டை 70. பல்லாவரம் தாண்டுவது 95. காலை எட்டரை வண்டியில் ஆபீஸ் 100. கீழ்ப்படியில் தொடங்கி, பயம் தானாக வடியும்வரை அங்கேயே நிற்க வேண்டும். வடிந்த பிறகே அடுத்தது. குரோம்பேட்டையில் மட்டும் மூன்று வாரம் சிக்கிக்கிடந்தேன். ‘செத்துடுவேன்னு இதுவரைக்கும் எத்தனை தடவை நெனச்சிருப்ப?’ என்று ஒருநாள் கேட்டார். நூறு இருக்கும் என்றேன். ‘எத்தனை தடவை செத்த?’

அந்தத் தாளுக்கு ஒரு வரலாறு உண்டென்பது வெகுகாலம் கழித்தே எனக்குத் தெரியவந்தது. 1920இல் ஜான் வாட்சனும் ரோசலி ரெய்னரும் பால்டிமோரில் ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தையின் முன் வெள்ளெலியை விட்டு, அது தொடும்போதெல்லாம் பின்னால் இரும்புக் கம்பியைச் சம்மட்டியால் அடித்தார்கள். குழந்தை எலிக்குப் பயப்படக் கற்றுக்கொண்டது. அந்தப் பயத்தை நீக்காமலேயே குழந்தையை அனுப்பிவிட்டார்கள். (வாட்சன் பின்னர் விளம்பரக் கம்பெனிக்கு வேலைக்குப் போனார். அங்கும் அதே தொழில்தான் என்பது என் அபிப்பிராயம்.) 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் இதைத் தலைகீழாகச் செய்தார். முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் கூண்டிலிருந்த முயலைக் கொஞ்சம் கொஞ்சமாக அருகே கொண்டுவந்தார். கடைசியில் பையன் முயலைத் தடவிக்கொடுத்தான்.

இதிலிருந்து ஒரு முறையியலைக் கட்டியவர் தென்னாப்பிரிக்காவின் ஜோசப் வோல்ப்பே. இரண்டாம் உலகப்போரில் ராணுவ மருத்துவராக இருந்து, போரில் மனம் உடைந்த சிப்பாய்களுக்கு மருந்து உதவாததைக் கண்டவர். ஜோகன்னஸ்பர்க்கில் கூண்டுப் பூனைகளுக்கு மின்அதிர்ச்சி கொடுத்துப் பயமுறுத்தினார். பிறகு அந்தக் கூண்டிருந்த அறையைப் போலச் சற்றே தோன்றும் அறைகளில் உணவு வைத்து, படிப்படியாகக் கூண்டு வரை கொண்டுவந்தார். 1958இல் புத்தகம் வந்தது. நான் போட்ட மார்க்கும் அவருடையதே. அறுபதுகளில் ஃபிலடெல்ஃபியாவின் ஆரன் பெக், மனச்சோர்வில் இருப்பவன் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் வாக்கியங்களைச் சாட்சிக்கூண்டில் ஏற்றினார். ‘எத்தனை தடவை செத்த?’ என்ற கேள்வி அந்த வழியில் வந்தது.

நமது சிறுபத்திரிகைகள் ஃபிராய்டுக்கும் லக்கானுக்கும் செலவிட்ட பக்கங்களில் பத்தில் ஒரு பங்கைக்கூட இவர்களுக்குத் தரவில்லை. கனவில்லை, குறியீடில்லை, வாசிப்பதற்குப் பிரதி ஏதுமில்லை. எலி, முயல், பூனை. இந்த அலட்சியத்தால் நாம் கவனிக்கத் தவறியது என்னவென்றால், இந்தச் சொல்லாடல் பயத்தோடு நிற்கவில்லை என்பதுதான். பயத்தை அழிக்கத் தெரிந்த கருவிக்குப் பயத்தை உண்டாக்கவும் தெரியும். எதை அழிப்பது, எதை உண்டாக்குவது என்பதைக் கருவி தீர்மானிப்பதில்லை.

1967இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் மக்கல்லக், ஃபெல்ட்மன் இருவரும் 43 தன்பால் விழைவினர் மீது நடத்திய ‘வெறுப்பூட்டும் சிகிச்சை’ பற்றி எழுதினார்கள். திரையில் ஓர் ஆணின் படம். எட்டு விநாடிக்குள் பொத்தானை அழுத்தி அதை அகற்றாவிட்டால் உடம்பில் மின்சாரம். அகற்றினால் நிம்மதி, அந்த நிம்மதியோடு சேர்த்துக் காட்டப்படுவது ஒரு பெண்ணின் படம். வோல்ப்பே பூனைக்கு வைத்த கறித்துண்டின் இடத்தில் இங்கே பெண்ணின் படம் வைக்கப்பட்டது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1973இல் தன்பால் விழைவை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. ஆனால் 1979இல் இண்டியன் ஜர்னல் ஆஃப் சைக்யாட்ரியில் இதே முறையைக் கையாண்ட கட்டுரை வருகிறது. 1982, 83லும் இத்தகைய ‘சிகிச்சை’க் கட்டுரைகள் தொடர்கின்றன. பிறழ்வு என்பது அங்கே பட்டியலிலிருந்து போய்விட்டது, இங்கே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

‘அவங்களாத்தானே வந்து கேட்டாங்க?’ என்பது இதற்கு எப்போதும் சொல்லப்படும் பதில். இதை உடைத்தவர் வெளியாள் அல்ல. 1974இல் அமெரிக்க நடத்தைச் சிகிச்சைச் சங்கத்தின் தலைவராக உரையாற்றிய ஜெரால்ட் டேவிசன், அவர்களாகவே வந்து கேட்டாலும் இதைச் செய்யக்கூடாது என்றார். கேட்க வைப்பது சமூகம்; அந்த வேண்டுகோளை விருப்பம் என்று எடுத்துக்கொள்வது சிகிச்சையாளரின் சௌகரியம். இந்தத் துறையிலிருந்து வந்த வாதங்களிலேயே எனக்கு ஆகப் பெரியதாகப் படுவது இதுதான்.

அது நம்மூர்ச் சட்டத்துக்குள் வர 47 ஆண்டுகள் ஆயின. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 7 ஜூன் 2021 அன்று, பாலியல் விழைவை மருத்துவத்தால் மாற்றும் முயற்சிகளைத் தடைசெய்தார். தீர்ப்புக்கு முன்னால் தனக்கே இது புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் போய் அமர்ந்து அவர் பாடம் கேட்டார். நாற்காலி இடம் மாறிய அபூர்வக் காட்சி அது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அந்தச் ‘சிகிச்சை’யைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது.

டேவிசனைப் படித்தபின் என் பழைய தாளை எடுத்துப் பார்த்தேன். ‘என் பட்டியலை நானே எழுதினேன், ஆகவே அது வேறு’ என்று சொல்லிக்கொள்ள ஆசை. ஆனால் உச்சிப்படியில் ஆபீஸை வைத்தது யார்? சம்பளம் வெட்டப்படும் என்ற மெமோதான். மூச்சுவிட இடமில்லாத பெட்டி எந்தக் காகிதத்திலும் நோயாகப் பதிவாகவில்லை. அதில் மூச்சுத் திணறிய நான்தான் பதிவானேன். இவ்வளவும் தெரிந்தாலும் அந்த ஏணியை என்னால் வெறுக்க முடியவில்லை. எனக்கு அது ரயிலைத் திருப்பிக் கொடுத்தது.

எட்டரை வண்டியில் பீச் வரை போய்வந்ததைச் சொன்ன அன்று அம்மையார் தாளைத் திருப்பித் தந்து, ‘சரி, இனிமே உனக்கு எங்க போகணும்?’ என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலியாக ஓடிய வண்டியில் ஏறி, எந்த வேலையும் இல்லாமல் பழவந்தாங்கலில் இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்.