ஈய எழுத்திலிருந்து கணினிப் பக்கத்திற்கு: அச்சுக் கலைச்சொற்களின் பொருள்மாற்றம்

முன்னுரை

கணினிவழிப் பக்க வடிவமைப்பில் வழங்கும் அடிப்படைச் சொற்கள் பல, ஈய எழுத்துகளைக் கையால் கோத்த அச்சுக்கூடங்களில் பிறந்தவை. கருவி மறைந்த பின்னும் பெயர் நிலைத்தமையால் நேர்ந்த பொருள்மாற்றத்தை லெடிங், ஃபாண்ட், பாயிண்ட் ஆகிய மூன்று சொற்களின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

அச்சுக்கூடத்துச் சொற்கள்

வரிகளுக்கிடையே இடைவெளி வேண்டுமாயின் அச்சுக்கோப்பவர் மெல்லிய ஈயத் தகடுகளைச் செருகுவார். ஈயத்தின் ஆங்கிலப் பெயரான 'லெட்' என்பதிலிருந்தே 'லெடிங்' தோன்றியது. 'ஃபாண்ட்' என்பது வார்த்தலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின்வழி வந்தது. ஒரே வடிவும் ஒரே அளவும் கொண்ட வார்ப்பெழுத்துத் தொகுதியே அன்று ஃபாண்ட் எனப்பட்டது. எனவே, ஒரே வடிவத்தின் 10 பாயிண்ட் தொகுதியும் 12 பாயிண்ட் தொகுதியும் இருவேறு ஃபாண்டுகளாகும்.

அளவையின் வரலாறு

1737இல் பியேர் சிமோன் ஃபூர்னியே பிரான்சில் எழுத்தளவுகளைப் பாயிண்ட் முறையில் ஒழுங்குபடுத்தினார். பின்னர் ஃபிரான்சுவா அம்ப்ருவாஸ் திதோ, பிரெஞ்சு அரச அங்குலத்தின் 72இல் ஒரு பங்கைப் பாயிண்ட் என வரையறுத்தார். 1886இல் அமெரிக்க எழுத்து வார்ப்பாளர்கள் ஏற்ற பாயிண்ட் ஏறத்தாழ 0.351 மி.மீ. ஆகும். அடோபி நிறுவனத்தின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி, இன்றைய அங்குலத்தின் 72இல் ஒரு பங்கை அளவாகக் கொண்டது. 1985இல் ஆப்பிளின் லேசர்ரைட்டர் அச்சுப்பொறியும், வெனிஸ் நகர அச்சாளர் ஆல்டஸ் மனூசியசின் பெயர் தாங்கிய ஆல்டஸ் நிறுவனத்தின் பேஜ்மேக்கர் மென்பொருளும் இம்முறையை மேசைக்குக் கொண்டுவந்தன.

அளக்கப்படுவது எது?

பாயிண்ட் அளவு எழுத்தின் உயரத்தைக் குறிப்பதன்று. எழுத்தைத் தாங்கிய உலோகக் கட்டையின் அளவையே அது குறித்தது. கணினியில் கட்டை இல்லை. எனினும் அதற்கு ஈடான கற்பனைச் சட்டகம் உண்டு. அதனுள் எழுத்தை எவ்வளவு பெரிதாக வரைவது என்பது வடிவமைப்பாளரின் விருப்பம். தமிழில் இகர, ஈகாரக் குறிகள் மேலேறியும் உகர, ஊகாரக் குறிகள் கீழிறங்கியும் அமைவதால், அவற்றுக்கு இடமளிக்கும் முறை எழுத்துருதோறும் வேறுபடுகிறது. ஆகவே 12 பாயிண்டில் அமைந்த இரண்டு தமிழ் எழுத்துருக்கள் அளவில் ஒத்திருப்பதில்லை. ஆய்வேட்டிற்கு '12 பாயிண்ட்' என மட்டும் விதிப்பது நிறைவுடையதன்று. எழுத்துருவின் பெயரும் வரி இடைவெளியும் உடன் குறிக்கப்பெறல் வேண்டும்.

முடிவுரை

'எழுத்துரு', 'வரி இடைவெளி' என்னும் தமிழாக்கங்கள் இன்றைய பயன்பாட்டைத் தெளிவாக உணர்த்துகின்றன. ஆயினும் வார்ப்பும் ஈயமும் அவற்றில் இல்லை. இதனால் பழைய அச்சு ஆவணங்களைப் பயில்வோர் பிழைபட நேரும். உலோக அச்சுக் காலத்துப் பட்டியலொன்று ஐந்து ஃபாண்டுகளைக் குறிப்பிடுமாயின், அவை ஒரே வடிவத்தின் ஐந்து அளவுகளாகவும் இருக்கலாம். அவற்றை ஐந்து எழுத்துருக்கள் எனப் பெயர்ப்பின் இல்லாத நான்கு வடிவங்கள் வரலாற்றில் இடம்பெற்றுவிடும். சொல்லின் காலத்தை அறிந்து பொருள் கொள்வதே அச்சு வரலாற்றாய்வின் முதற்கடமையாகும்.