கார்டுல ஓ-ன்னு போட்டிருந்தா ஓ குரூப் தானா?

ஸ்ரீபெரும்புதூர்ல இருந்து ஒரகடம் போற ரோட்டுல ஷிப்ட் விடுற நேரத்துல நின்னு பாருங்க. கம்பெனி பஸ்ல இருந்து இறங்குற ஒவ்வொருத்தர் கழுத்திலயும் ஒரு ஐடி கார்டு தொங்கும். பேரு, நம்பரு, கீழே பொடி எழுத்துல ரத்த வகை. மெஷின்ல கை மாட்டிக்கிட்டா இதைப் பார்த்துதான் ரத்தம் ஏத்துவாங்கன்னு நம்மாளுங்க பலருக்கு ஒரு நினைப்பு. இல்லீங்க. புதுசா சாம்பிள் எடுத்து குரூப் பார்த்து, ஏத்தப் போற ரத்தத்தோட கலந்து கிராஸ் மேட்ச் பார்ப்பாங்க. அந்த ரெண்டாவது வேலை எவ்வளவு முக்கியம்னு புரியணும்னா டாக்டர் எச்.எம். பாட்டியாவைப் பத்தித் தெரிஞ்சுக்கணும்.

ஏ, பி, ஓ சமாச்சாரத்தை 1901-ல வியன்னாவுல லாண்ட்ஸ்டெய்னர் எழுதிட்டார். ஏ-யும் இல்லை, பி-யும் இல்லைன்னா அது ஓ. ஐம்பது வருஷம் உலகம் பூரா இதான் கணக்கு.

1952-ல பம்பாயில கே.இ.எம். ஆஸ்பத்திரியை ஒட்டின சேத் ஜி.எஸ். மெடிக்கல் காலேஜ்ல மூணு பேரோட ரத்தம் இந்தக் கணக்குல அடங்கலை. செல்லைப் பார்த்தா ஓ மாதிரி இருக்கு. ஆனா அவங்க சீரத்தை ஓ குரூப் செல்லோட கலந்தா தயிர் திரிஞ்ச மாதிரி கட்டி கட்டியா ஆகுது. ஓ ஆளுக்கு ஓ ரத்தம் ஒத்துக்கலைன்னா என்ன அர்த்தம்? "மருந்து சரியில்லை, திரும்பப் பண்ணு"ன்னு சொல்லி மூடிடுறது ரொம்ப சுலபம். பெண்டே, தேஷ்பாண்டே, பாட்டியா மூணு பேரும் அப்படி மூடலை. லண்டன் லிஸ்டர் இன்ஸ்டிட்யூட்ல இருந்த ரேஸ், சாங்கர், மார்கன், வாட்கின்ஸ் ஆகியோரோட சேர்ந்து அதே வருஷம் லான்செட்ல எழுதினாங்க. பாம்பே பிளட் குரூப்னு நாம சொல்றது இதைத்தான். அந்தப் பேரை 1955-ல வெச்சது அமெரிக்காவுல லெவின் குழு.

விஷயம் இதான். ஏ, பி ரெண்டும் உட்காருறதுக்கு எச்-னு ஒரு அடித்தளம் வேணும். ஓ குரூப்காரர்கிட்ட அடித்தளம் மட்டும் இருக்கும், மேல ஒண்ணும் இருக்காது. பாம்பே குரூப்காரருக்கு அந்த அடித்தளமே கிடையாது. அதனால ஓ ரத்தத்தைக்கூட அவர் உடம்பு அன்னியன்னு நினைச்சு உடைச்சுப் போடும். உயிருக்கே ஆபத்து.

பாட்டியா அந்த ஒரு கட்டுரையோட நின்னுடலை. பம்பாயில 1957-ல ஆரம்பிச்ச ரத்த வகை ஆய்வு மையத்தைப் பிற்பாடு இயக்குநரா நடத்தினார். இன்னைக்குத் தேசிய நிறுவனமா கே.இ.எம். வளாகத்திலயே இருக்கிறது அதுதான். 1973-ல பாடகெரே, ஜோஷி இவங்களோட சேர்ந்து இன்னொரு புது ஆன்டிஜனைக் கண்டுபிடிச்சார். இந்தியன்ங்கிறதோட முதல் ரெண்டு எழுத்தை எடுத்து "இன்-ஏ"ன்னு பேரு. பாம்பே அளவுக்கு இது பிரபலம் ஆகலை. என்னைக் கேட்டா, தினமும் வர்ற சாம்பிளைச் சலிக்காம பார்த்தவருக்குத்தான் ரெண்டாவது தடவையும் இப்படி மாட்டும்.

எச் இருக்கான்னு பார்க்கிற சோதனைக்கு ஒரு முள்செடியோட விதைச்சாறுதான் மருந்து. ஐரோப்பாச் செடி. வெள்ளைக்காரன் கொண்டுவந்து ஊட்டியில போட்டுட்டுப் போய், இப்போ மஞ்சப் பூவோட நீலகிரி புல்வெளியையே ஆக்கிரமிச்சு நிக்குதே, அதேதான்!

இந்தியாவுல பத்தாயிரம் பேருக்கு ஒருத்தர் பாம்பே குரூப்னு ஒரு உத்தேசக் கணக்கு சொல்றாங்க. அப்படின்னா ஒரு லட்சம் பேர் வேலை பார்க்கிற இடத்துல பத்துப் பேர். முகாம்ல சிலைடுல ரெண்டு சொட்டு விட்டு அவசரமா பார்த்தா இவங்க கார்டுலயும் "ஓ"ன்னுதான் ஏறும். சீரத்தை ஓ செல்லோட வெச்சுப் பார்த்தாத்தான் குட்டு வெளிப்படும்.

அம்மா, அப்பா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் குறை வந்தாத்தான் பிள்ளைக்கு இது வரும். அதனால மாமன் மகள், அத்தை மகன்னு சொந்தத்துலயே கட்டிக்கிற குடும்பங்கள்ல வாய்ப்பு கூடுதல். நம்மூர்க்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம் :-)

இவங்க யாருக்கு வேணும்னாலும் சிவப்பணு கொடுக்கலாம், ஆர்.எச். மட்டும் ஒத்துப்போகணும். வாங்கிக்கிறது மட்டும் இன்னொரு பாம்பே குரூப்காரர்கிட்ட இருந்துதான். கூடப்பிறந்தவங்களுக்கு நாலுல ஒரு வாய்ப்பு இருக்கிறதால, ஒருத்தருக்கு இருக்குன்னு தெரிஞ்சதும் அண்ணன், தம்பி, அக்கா, தங்கச்சி எல்லாரையும் கூப்பிட்டுச் சோதிப்பாங்க. ஒரகடத்துல லேத் ஓட்டுற ஒடிசா பையனுக்கு அந்த அண்ணன் தம்பி ஆயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருப்பாங்க.