சென்னை – ஜித்தா: வான்வழித் தூரமும் பயண நேரமும்

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து ஜித்தா மன்னர் அப்துல் அஜீஸ் விமான நிலையத்துக்கு வான்வழியில் நேர்த்தூரம் சுமார் 4,450 கிலோமீட்டர். நேரடி விமானம் இதைக் கடக்க ஏறத்தாழ 6 மணி நேரம் ஆகும். மேற்கு நோக்கிப் போகும்போது பெரும்பாலும் எதிர்காற்று என்பதால், திரும்பி வரும் பயணம் சற்றுக் குறைவாகவே இருக்கும்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். சவூதி நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். காலை 10 மணிக்குப் புறப்பட்டு பிற்பகல் 1.30க்கு இறங்குவதாகப் போட்டிருந்தால், மூன்றரை மணி நேரப் பயணம் என்று எண்ணிவிட வேண்டாம். ஆறு மணி நேரம். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுக்கும் பெரியவர்களை அழைத்துச் செல்வோர் இதைக் கவனிக்க வேண்டும்.

உம்ரா, ஹஜ் செல்வோருக்கு இந்தக் கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது: மீக்காத். கப்பலில் போன காலத்தில் நம்மவர்களுக்கு யலம்லம். விமானங்களோ பொதுவாக தாயிஃப் அருகிலுள்ள கர்னுல் மனாஸில் பகுதியைக் கடந்துதான் ஜித்தாவுக்கு இறங்குகின்றன. அங்கிருந்து ஜித்தா விமான நிலையம் சுமார் 130 கிலோமீட்டர்தான். அதாவது தரையிறங்குவதற்கு 20, 30 நிமிடங்களுக்கு முன்பே மீக்காத் கடந்துவிடும். விமானம் நிமிடத்துக்குப் பத்துப் பதினான்கு கிலோமீட்டர் போகிறது. அறிவிப்பு வரட்டும் என்று தூங்கிவிட்டால் எழுந்து பார்க்கும்போது ஜித்தா தெரியும். ஜித்தாவில் இறங்கி இஹ்ராம் கட்டலாம் என்று சொல்லும் ஆலிம்களும் உண்டு. பெரும்பாலோர் அதை ஏற்பதில்லை, தம் கொடுக்க வேண்டும் என்பார்கள். வீட்டிலோ சென்னை விமான நிலையத்திலோ குளித்து இஹ்ராம் துணி உடுத்திக்கொண்டு, இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே நிய்யத் வைத்துத் தல்பியா சொல்லத் தொடங்குவது பேணுதல். துணியைப் பெரிய பெட்டியில் வைத்து லக்கேஜில் போட்டுவிட்டு விமானத்தில் தவிப்பவர்கள் ஒவ்வொரு குழுவிலும் ஓரிருவர் இருக்கத்தான் செய்கிறார்கள். கைப்பையில் வையுங்கள்.

துபாய் வழியாகப் போனால் அங்கிருந்து ஜித்தா சுமார் 1,700 கிலோமீட்டர், ஏறத்தாழ 3 மணி நேரம். அப்போது துபாயிலேயே உடுத்திக்கொள்வது எளிது.

ரமளானில் பகல் விமானத்தில் நோன்புடன் போகிறவர்களுக்குப் பகல் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் நீளும். கைக்கடிகாரத்தில் சென்னை மஃரிப் நேரம் வந்துவிட்டது என்று நோன்பைத் திறந்துவிடக் கூடாது. ஜன்னலில் சூரியன் தெரியும் வரை மஃரிப் இல்லை. முடியாதவருக்குப் பயணிக்குரிய சலுகை இருக்கிறது.

முதலில் மதீனாவுக்கு டிக்கெட் எடுத்தவர்களுக்கு விமானத்தில் இஹ்ராம் பற்றிய கவலை இல்லை. மக்காவுக்குப் புறப்படும் அன்று துல்ஹுலைஃபாவில், இன்று பிஃரு அலி என்று டிரைவர்கள் சொல்லும் இடத்தில், பஸ் நிற்கும்.